ஊட்டு

குன்னத்தூர்,
02.07.2025, புதன்கிழமை.

அருள்குமார் அவர்களுக்கு,

சத்யப்பிரியா எழுதுவது. சுகமா என்று விசாரிக்கிற இடத்தில் நான் இப்போது இல்லை. ஆனாலும் பழகின கை கேட்டுவிடுகிறது. சுகம்தானே?

போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. எதுவானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்று வக்கீலம்மா சொன்னதுதான் எனக்கும் சரியென்று படுகிறது. அதனால் அத்தை இருக்கும் இல்லத்து வாசலிலேயே உட்கார்ந்து எழுதி, அத்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆஷாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். உடுமலை ஜவுளிக்கடையில் எனக்குப் புதன்கிழமைதான் லீவு. மடத்துக்குளத்தில் அண்ணன் வீட்டிலிருந்து விடிவதற்குள் கிளம்பி, பஸ் மாறி மாறி இங்கே வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். இன்றும் அப்படித்தான் வந்தேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார் சித்ராதேவி மேடம். "ஏனுங்க, நான் என்னங்க பண்றது? குடும்பத்து ஆளுங்களை மட்டும் உடுங்கன்னு பையன் கண்டிசனாச் சொல்லிட்டாருங்க" என்றார். இல்லத்தை நடத்துகிறவர் அவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

குடும்பத்து ஆள் இல்லையா நான்? விவாகரத்துக் கேஸ்தான் நடக்கிறது, இன்னும் தீரவில்லை. அத்தைக்கு வாதம் வந்து வாய் குழறிப்போனபோது குளிப்பாட்டித் தலை சீவிவிட்டது யார்? நான் வீட்டைவிட்டு வந்த மறுமாதமே நீங்கள் இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டீர்கள். அதற்கு நான் ஏதாவது சொன்னேனா? ஒரு புதன்கிழமை மட்டும் கேட்டேன். அதையும் பிடுங்கிக்கொண்டீர்கள்.

கெஞ்சிக் கூத்தாடி ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்தேன். ரவிக்கை தோளில் நிற்கவில்லை. பெற்ற பிள்ளை வாராவாரம் வருகிறாரே, கண்ணில் படவில்லையா?

இப்படிக்கு,
சத்யப்பிரியா
(இன்றைய தேதிக்கு மருதம்மாளின் மருமகள்)

—

குன்னத்தூர்,
06.07.2025, ஞாயிறு.

சத்யா,

உன் கடிதத்தை ஆஷா கொடுத்தாள். சுகத்துக்கு என்ன, இருக்கிறேன். ஆர்டர் தொங்கலில் கிடக்கிறது. முதலிபாளையம் பனியன் யூனிட்டில் பாதித் தையல் லைன் ஓடவில்லை. டைலர்கள் ஊருக்குப் போய்விட்டு வருகிறோம் என்று கிளம்பினால் திரும்பி வருவார்களா என்பதே சந்தேகம்.

உன்னைத் தடுத்தது கோபத்தில் இல்லை. நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். நீ வந்துபோகிற ஒவ்வொரு புதன்கிழமையும் அதற்கப்புறம் அம்மா ஒரு பருக்கை தொடுவதில்லை. "வர்றேன் அத்தை" என்று சொல்லிவிட்டு நீ பஸ் ஏறிவிடுகிறாய். அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறார். வீட்டைவிட்டுப் போன அன்றும் நீ அவரிடம் அதையேதான் சொன்னாய். வந்தாயா? வராதவர்கள் 'வர்றேன்' என்று ஏன் சொல்ல வேண்டும்?

வாதம் வந்தபிறகு அம்மா வாயில் மிஞ்சியிருப்பது ஒரே வார்த்தை. 'ஊட்டு.' நாள் முழுக்க அதுதான். கேட்கிறாரே என்று ஆஷா ஸ்பூனில் ஊட்டினால் துப்பிவிடுகிறார். கையைத் தட்டிவிடுகிறார். போன வாரம் கிண்ணம் பறந்து அடுத்த கட்டில்காரர் மேல் விழுந்தது. "ஆச்சி ஊட்டு ஊட்டுன்னு கேக்காவ, ஊட்டுனா துப்புதாவ. நான் என்ன சார் செய்ய?" என்று ஆஷா கண்ணைக் கசக்குகிறாள்.

டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். ஆடிப் பதினெட்டு அன்று வந்து எடை பார்ப்பார். இதற்கு மேல் இறங்கியிருந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் சாப்பாடு. அம்மா அதைப் பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டிலோடு கட்டிவைக்கவும் வேண்டியிருக்குமாம். அதைக் கேட்டுவிட்டு வந்து நான் வண்டிக்குள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பது உனக்குத் தெரியாது.

சித்ராதேவி மேடம் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து புது முறை கொண்டுவந்திருக்கிறார். முன்பு போல வாரத்துக்கு ஒரு ஆள் மாறுவது கிடையாது. ஒரு பெரியவருக்கு ஒரே ஆள். அம்மாவுக்கு ஆஷா. "மொதல்ல மனுசரைப் பழகோணுமுங்க, அப்பறம்தானுங்க மருந்து மாத்திரை" என்கிறார். அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள், அவர் எதற்குச் சிரிப்பார், எதற்குக் கோபித்துக்கொள்வார் என்று என்னைக் கேட்டார். நான் முழித்தேன். அது உனக்குத் தெரிந்திருக்கும் என்பதை நினைத்தால்தான் எனக்கு எரிச்சலாக வருகிறது.

அருள்குமார்

—

குன்னத்தூர்,
09.07.2025, புதன்கிழமை.

அருள்குமார் அவர்களுக்கு,

வாசல் பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்தேன். முதலில் சிரித்தேன், அப்புறம் அழுதேன். வாட்ச்மேன் கிட்டுசாமி அண்ணன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆஷா சாத்தான்குளத்துப் பெண். அவள் பக்கத்தில் ஊட்டு என்றால் சோறு ஊட்டுவதுதான். அவள் மேல் தப்பே இல்லை. நீங்கள் எந்த ஊர்? நம் பக்கத்தில் யார் வீட்டை வீடு என்றார்கள்? ஊடுதானே? ஊட்டுக்குப் போலாம், ஊட்டுக்கு வா, ஊட்டுல ஆள் இருக்குதா என்றுதானே அத்தை வாழ்நாள் முழுக்கப் பேசினார்? அவர் 'ஊட்டுக்கு' என்று சொல்ல வருகிறார். அந்த 'க்கு'வை வாதம் தின்றுவிட்டது. இது உங்கள் காதில் விழவில்லை. யூனிட்டில் பாதி இந்தியும் பாதி இங்கிலீஷும் பேசிப்பேசித் தாய் பேசுகிற பேச்சே மறந்துபோய்விட்டதா?

அவர் சோறு கேட்கவில்லை. வீட்டைக் கேட்கிறார். வீட்டைக் கேட்கிறவர் வாயில் ஸ்பூனைத் திணித்தால் துப்பாமல் என்ன செய்வார்? நானாக இருந்தால் கடித்தே இருப்பேன்.

அழைத்துக்கொண்டு போங்கள். ஒரு வேளையாவது நம் வீட்டில், சரி, உங்கள் வீட்டில், உட்காரவைத்துச் சோறு போடுங்கள். சாப்பிடுகிறாரா இல்லையா என்று பாருங்கள். குழாயைப் பற்றி அப்புறம் பேசலாம். கையைக் கட்டுவதாவது! நான் உயிரோடு இருக்கிறவரை அது நடக்காது.

சத்யப்பிரியா

—

குன்னத்தூர்,
13.07.2025, ஞாயிறு.

சத்யா,

உன் பேச்சைக் கேட்டு இன்று காலை அம்மாவை வீட்டுக்கு அழைத்துப்போனேன். இப்போதுதான் திரும்பக் கொண்டுவந்து விட்டேன். வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

சித்ராதேவி மேடம் ஆஷாவையும் கூட அனுப்பினார். வழியெல்லாம் அம்மா 'ஊட்டு ஊட்டு' என்று சொல்லிக்கொண்டே வந்தார். உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன், பார்த்துக்கொள். வாசலில் இறக்கினேன். பக்கத்து வீட்டுச் செல்லாத்தாள் அக்கா ஓடிவந்து, "வாங்க ஆத்தா, வாங்க" என்று கையைப் பிடித்தார். அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. உள்ளே வந்து சாமி படத்துக்குக் கீழே உட்காரவைத்தேன். சென்னிமலை முருகன் படம் அது, அம்மா தினமும் திருநீறு எடுத்துப் பூசிக்கொள்வாரே, அதே படம். அதையும் பார்க்கவில்லை.

அரிசிம்பருப்புச் சோறு செல்லாத்தாள் அக்கா செய்துகொடுத்தார். நெய் விட்டுப் பிசைந்து நானே வாயருகே கொண்டுபோனேன். என் சட்டை மேல் துப்பினார். அப்புறமும் அதே ஊட்டு. "அம்மா, இதுதானம்மா ஊடு. ஊட்டுலதான் இருக்கறீங்க" என்று கத்திவிட்டேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வாயைக் கோணிக்கொண்டு அழுதார். செல்லாத்தாள் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் இதைத் தெரு முழுக்கச் சொல்வார்.

போதும் சத்யா. எல்லாம் தெரிந்த மாதிரி எழுதினாயே. ஊடும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் வாய்ப்பழக்கம் என்று டாக்டர் சொன்னதுதான் சரி. ஆடிப் பதினெட்டு அன்று குழாய் போடச் சொல்லிவிட்டேன். நீ உள்ளே வரக்கூடாது என்பதும் அப்படியே இருக்கட்டும். இனி இந்த விஷயத்தில் எனக்கு எழுத வேண்டாம். அடுத்த மாதம் கோர்ட்டில் பார்த்துக்கொள்வோம்.

அருள்குமார்

—

குன்னத்தூர்,
23.07.2025, புதன்கிழமை.

அருள்குமார் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஆஷா தபாலில் அனுப்பிவைத்தாள். எழுத வேண்டாம் என்றீர்கள். போன புதன்கிழமை எழுதவில்லை, வரவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணன் வீட்டில் துணி துவைத்தேன். இன்று முடியவில்லை. கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

வீட்டைத்தான் கேட்கிறார் என்று நான் அடித்துச் சொன்னது தப்பு. அத்தையை அழவிட்டதற்கு நானும் காரணம். ஒப்புக்கொள்கிறேன்.

இன்று வாசலில் ஆஷா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உங்கள் வீட்டில் நடந்ததை அவளும் சொன்னாள். நீங்கள் எழுதாத ஒன்றையும் சொன்னாள். நீங்கள் கத்துவதற்கு முன்னால், அத்தை நல்ல கையால் தட்டிலிருந்து ஒரு வாய் அள்ளி உருட்டினாராம். உருட்டி நீட்டினாராம். எறியப்போகிறார் என்று பயந்து ஆஷா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கையைத் துடைத்துவிட்டாளாம். "இங்கயும் அப்பிடித்தான் செய்வாவ அக்கா. உருட்டி உருட்டி நீட்டுவாவ. சட்டைல பட்டிருமேன்னு நான் தொடச்சி விட்டுருவேன்" என்றாள். பெரியவர்கள் தட்டிலிருந்து வேலைக்காரர்கள் எதையும் வாயில் போடக்கூடாது என்பது இல்லத்து விதியாம். அதனால் அவளுக்கு வேறு எதுவும் தோன்றவும் இல்லை.

கேட்டதும் எழுந்துபோய் மேடத்திடம் பேசிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ இருக்காதோ. நம் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டு நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேனே, அப்போது. நீங்கள் ஷிப்மெண்ட் என்று யூனிட்டுக்குப் போய்விட்டீர்கள். அத்தை தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவார். "ஒரு வாய் வாங்கிக்க கண்ணு. எனக்கும் பசிக்குதில்ல? நீ தின்னாத்தான நானுந் திங்கறது" என்பார். நான் வாயைத் திறக்கிறவரை உருண்டை கையிலேயே இருக்கும். எனக்கு ஒரு வாய், அவருக்கு ஒரு வாய். அப்படித்தான் நான் எழுந்து உட்கார்ந்தேன். அதற்கப்புறமும் அந்த வீட்டில் யாருக்காவது ஒரு வாய் கொடுக்காமல் அவர் தனியாகச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

அவர் ஊட்டிவிடச் சொல்லவில்லை. ஊட்டுக்கு அழைத்துப்போகவும் சொல்லவில்லை. 'ஊட்டறேன், வாயைத் தொற' என்கிறார். ஒரு வருஷமாக எல்லாரும் அவர் வாயைத் திறக்கப் பாடுபடுகிறோம். அவர் எதிரே யாரும் வாயைத் திறக்கவில்லை.

இது என் ஊகம்தான். ஒரு தடவை தப்பாகச் சொன்னவள் நான். நீங்கள் என்னை உள்ளே விட மாட்டீர்கள், அதனால் நீங்களே செய்து பாருங்கள். மேடத்திடம் சொல்லிவிட்டேன், அந்த விதியை அவர் பார்த்துக்கொள்வார். ஸ்பூனை எடுத்துவிடுங்கள். சோற்றை நன்றாகக் குழைத்துத் தட்டை அவர் மடியில் வையுங்கள். எதிரே உட்கார்ந்து வாயைத் திறங்கள். வாயைத் திறப்பது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று கூடக் குடித்தனம் பண்ணின எனக்குத் தெரியும். உங்கள் அம்மாவுக்காக ஒரு தடவை திறங்கள்.

சத்யப்பிரியா

—

குன்னத்தூர்,
27.07.2025, ஞாயிறு.

அன்புள்ள சத்யா,

கிழிக்கவில்லை.

மத்தியானம் நீ எழுதிய மாதிரியே செய்தேன். ஹால் முழுக்க ஆட்கள். வெட்கமாகத்தான் இருந்தது. தலை நரைத்தவன், நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன், ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அம்மா முன்னால் ஆவென்று உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. 'ஊட்டு' என்றார். நான் திறந்த வாயை மூடவில்லை. கை மெல்லத் தட்டுக்குப் போனது. அள்ளினார், உருட்டினார், ஓரத்தில் ஒழுகினதை விரலால் வழித்தார். கொண்டுவந்து என் வாயில் வைத்தார்.

சத்யா, எனக்கு முழுங்க முடியவில்லை. நான் முழுங்கினேனா என்று தாடையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த வாயை அவரே போட்டுக்கொண்டார். துப்பவில்லை! ஆஷா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சித்ராதேவி மேடம் பக்கத்துக் கட்டில்காரர்களிடம், "பாத்துக்கங்க, பாத்துக்கங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதோடு முடிந்திருந்தால் நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பேன். மூன்றாவது உருண்டையை எடுத்து எனக்குப் பக்கத்தில், ஆள் இல்லாத இடத்தில் நீட்டினார். நான் வாயைக் கொண்டுபோனேன். கையை இழுத்துக்கொண்டார். ஆஷா வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தாள். அவளுக்கும் தரவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. சோறு காய்ந்து உதிர்கிறவரை வைத்திருந்தார். அப்புறம் தட்டைத் தள்ளிவிட்டார்.

அது யாருக்கு என்று நான் எழுத வேண்டியதில்லை.

மேடத்திடம் சொல்லிவிட்டேன். புதன்கிழமை மட்டுமில்லை, நீ எப்போது வேண்டுமானாலும் வரலாம். அடுத்த ஞாயிறு ஆடிப் பதினெட்டு. டாக்டர் வருகிறார். அன்று நீயும் வா. நாம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். கோர்ட்டு விஷயத்தை... கொஞ்சம் தள்ளிப்போடலாமா என்று யோசிக்கிறேன். அம்மாவுக்கு நாம் சேர்ந்து இருப்பதுதானே வேண்டியிருக்கிறது?

உன்
அருள்

—

குன்னத்தூர்,
06.08.2025, புதன்கிழமை.

அன்புள்ள மாமா,

இப்படிக் கூப்பிட்டு எழுதி ரொம்ப நாளாயிற்று. இந்தக் கடிதத்துக்கு வேறு மாதிரி ஆரம்பிக்க மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்காகக் கடையில் கெஞ்சி லீவு வாங்கினேன். ஆடித் தள்ளுபடி நேரம், முதலாளி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் கொடுத்தார். வந்ததற்குப் பலன் கிடைத்தது. அத்தை உங்களுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று தட்டைக் காலிபண்ணினதை டாக்டரே நின்று பார்த்தார். எடை இறங்கவில்லை, குழாய் இப்போதைக்கு வேண்டாம், பார்க்கலாம் என்றார். நீங்கள் எழுந்துபோய்த் தூணுக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்தினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இன்றும் வந்தேன். என் ஒரு வாயை வாங்கிக்கொண்டேன். மற்ற நாட்களுக்கு மேடம் ஒரு வழி செய்திருக்கிறார். ஆஷாவும் தன் தட்டைக் கொண்டுவந்து அத்தை எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நேற்று அவளுக்கு முதல் வாய் கிடைத்ததாம். "ஆச்சி எனக்கு ஊட்டிட்டாவ அக்கா" என்று பரிசு வாங்கின மாதிரி சொல்கிறாள். நீங்களும் அவளிடம் கொஞ்சம் சிரித்துப் பேசுங்கள். உங்களைக் கண்டால் நடுங்குகிறாள்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்திருந்தோமே, அப்போது நன்றாக யோசித்தேன். உங்கள் மேல் இப்போது எனக்குக் கோபம் இல்லை. கோபம் போனால் என்ன மிஞ்சுகிறது என்று தேடிப் பார்த்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாட்களில் என் வாயருகே வந்த கை அத்தையுடையது. உங்கள் கை வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை மாமா. அத்தை கையில் எனக்கும் உங்களுக்கும் உருண்டை இருக்கிறது என்பதற்காக நாம் ஒரு வீட்டில் இருக்க முடியாது. இருந்தால் மறுபடி ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு பட்டினி கிடப்போம். கோர்ட்டைத் தள்ளிப்போட வேண்டாம். வாய்தா அன்று வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஞாயிறு உங்களுடையது, புதன் என்னுடையது. அதை எந்தக் கோர்ட்டிலும் கேட்கப்போவதில்லை, உங்களிடமும் இனிக் கேட்கப்போவதில்லை.

வராதவர்கள் ஏன் 'வர்றேன்' என்று சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்வி ஒரு மாதமாக என்னைத் தூங்கவிடவில்லை. நம் பக்கத்தில் யாரும் போகும்போது போகிறேன் என்று சொல்வதில்லை. அது அபசகுனம், வாயில் வைக்கக்கூடாது என்று அத்தையே என்னை அதட்டியிருக்கிறார். அதனால்தான் வீட்டைவிட்டு வந்த அன்று உங்களிடம் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினேன். வர்றேன் என்றால் பொய், மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை.

சற்று முன் அத்தை கையைக் கழுவித் துடைத்துவிட்டு, "வர்றேன் அத்தை" என்று சொல்லிவிட்டு வந்தேன். தலையை ஆட்டினார். வாசலைப் பார்க்கவில்லை, ஆஷாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த புதன்கிழமை கட்டாயம் வருவேன்.

உங்களிடம், மாமா, போறேன்.

சத்யா